ரியூசன் நிலைய வைபையில் முகவரித் தட்டுப்பாடு: லீஸ் நேரம் மாற்றிய வேலைப் பதிவு

இடம் கொக்குவில் பக்கம், இரண்டு மாடியில் ஒரு தனியார் கல்வி நிலையம். மைக்ரோடிக் ஹெக்ஸ் றவுட்டர் ஒன்று, வைபை அக்செஸ் பொயின்ற் மூன்று, அலுவலகக் கணினிகள், போட்டோக்கொப்பி மெசின், சிசிரிவி ரெக்கோடர், கைரேகை மெசின். முறைப்பாடு ஒரே வரிதான்: "வைபை பிடிக்குது, ஆனா நெற் வருகுதில்லை."

சனிக்கிழமை ஏ.எல் இரண்டாவது வகுப்பு தொடங்கியதும் கோளாறு தலைகாட்டும். ஞாயிறு முழுக்க இழுபடும். திங்கள் பின்னேரம் யாரும் கை வைக்காமலே சரியாகிவிடும். பாதி விடை இந்தக் கிழமைக் கணக்கிலேயே இருக்கிறது. லைன் பழுதும் சிக்னல் பழுதும் கிழமை பார்த்து வருவதில்லை. கிழமை பார்த்து வந்து, தானாகவே தீர்கிற பழுதென்றால் முதலில் டிஎச்சிபி முகவரிப் பூலை, அதாவது றவுட்டரில் ஓடுகிற சேர்வர் கருவிகளுக்குத் தானாகக் கொடுக்கிற ஐபி முகவரிகளின் தொகுதியை, பார்க்கவேண்டும்.

பார்த்ததும் கண்டதும்

நெற் வராத மடிக்கணினி ஒன்றில் முகவரி 169.254 என்று தொடங்கியது. எந்தச் சேர்வரும் முகவரி தராதபோது கணினி தானே போட்டுக்கொள்கிற இலக்கம் அது. ஐபோனும் அப்படியே செய்யும். அன்ட்ரொயிட்டில் "ஐபி முகவரி பெறப்படுகிறது" என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இணைப்பு விழுந்துவிடும். வைபை கடவுச்சொல் சரி, சிக்னல் சரி, முகவரி மட்டும் இல்லை.

மைக்ரோடிக்கை அமைக்கிற மென்பொருளான வின்பொக்ஸில் ஐபி, டிஎச்சிபி சேர்வர், லீசஸ் என்று போனால் பட்டியல் வரும். கீழே மொத்தம் 245 வரி. பூல் 192.168.88.10 முதல் 192.168.88.254 வரை, அதாவது சரியாக 245 முகவரி. ஒன்றும் மிச்சமில்லை. லொக்கில் பூல் காலி என்ற செய்தி நிமிடத்துக்குப் பல தடவை விழுந்துகொண்டிருந்தது. சேர்வர் ரப்பில் லீஸ் நேரம், அதாவது கொடுத்த முகவரி ஒரு கருவிக்கு உரித்தான தவணை, 3 நாள்.

மைக்ரோடிக் தானாக வைப்பது பதிப்பைப் பொறுத்து 10 நிமிடம் அல்லது 30 நிமிடம். 3 நாள் யாரோ கூட்டி வைத்தது. "அடிக்கடி கட் ஆகுது" என்ற முறைப்பாட்டுக்கு இப்படி லீஸைக் கூட்டிவிடுகிற வழக்கம் பரவலாக இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லீஸ் புதுப்பிக்கும்போது இணைப்பு அறுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கிற வீடியோ கூட அசையாது.

லீஸ் ஓடும் விதம்

தோட்டக் காணியைக் குத்தகைக்கு எடுத்தவர் தவணை முடியும் தறுவாயில்தான் போய்க் கதைப்பார். டிஎச்சிபி அவ்வளவு நேரம் பொறுக்காது. லீஸின் பாதி கழிந்ததும் கருவி தனக்கு முகவரி தந்த சேர்வரிடம் நேரே கேட்டுப் புதுப்பிக்கும். பதில் வராவிட்டால், லீஸின் எட்டில் ஏழு பங்கு கழிந்ததும் "யாராவது சேர்வர் இருக்கிறீர்களா" என்று நெற்வேர்க் முழுவதற்கும் குரல் கொடுக்கும். முழு நேரமும் முடிந்தால் முகவரியைக் கைவிட்டுவிடும். 1997 இல் வந்த டிஎச்சிபி விதி ஆவணமான ஆர்எஃப்சி 2131 சொல்கிற முறை இது. இன்றைய கைபேசிகளும் இதன்படிதான் நடக்கின்றன. 1 மணித்தியால லீஸ் என்றால் 1800 ஆவது செக்கனில் முதல் புதுப்பிப்பு, 3150 இல் பொதுக் குரல், 3600 இல் முடிவு.

சேர்வர் பக்கத்தில் ஒரு குருட்டு இடம் உண்டு. கருவி போய்விட்டதென்று சேர்வருக்குத் தெரியாது. முகவரியைத் திருப்பிக் கொடுக்கிற செய்தி ஒன்று முறைப்படி இருக்கிறது. ஆனால் வகுப்பு முடிந்து சைக்கிளில் ஏறுகிற பிள்ளையின் கைபேசி அதை அனுப்புமென்று எதிர்பார்க்க முடியாது; கேற் தாண்டியதும் சிக்னல் போய்விடும். சேர்வரோ கொடுத்த வாக்கைக் காப்பாற்றி அந்த முகவரியைப் பூட்டி வைத்திருக்கும். போகும்போது லீஸில் மிச்சம் இருப்பது குறைந்தது பாதி, கூடியது முழு அளவு. சராசரியாக முக்கால் பங்கு.

3 நாளில் முக்கால் என்றால் 54 மணித்தியாலம். வெள்ளி பின்னேர வகுப்புக்கு வந்த ஏறத்தாழ 90 கைபேசியின் முகவரி ஞாயிறும் பூட்டிக் கிடக்கும், சில திங்கள் பின்னேரம் வரை. அதற்கு மேல் சனி காலை வகுப்பின் 110, அலுவலகக் கருவிகள் 20. ஆக 220. ஒன்பதரை மணி வகுப்புக்கு 95 பேர் வந்து உட்காரும்போது மிச்சம் 25 முகவரி. முன் வாங்குக்காரருக்கு நெற் வந்தது, பின் வாங்குக்காரருக்கு வரவில்லை என்பதன் கதை இவ்வளவுதான்.

ஒரு கைபேசி, மூன்று முகவரி

கணக்கு இதோடு நிற்கவில்லை. பட்டியலில் ஒரே ஹோஸ்ட் பெயர் (கருவி தனக்குச் சொல்கிற பெயர்) இரண்டு மூன்று தடவை வந்தது, மக் முகவரி (கருவியின் வைபை வன்பொருள் இலக்கம்) மட்டும் வேறு வேறு. உதாரணத்துக்கு ஒரு கைபேசி 88.61, 88.140, 88.203 என மூன்று இடம் பிடித்திருந்தது. மக் முகவரியின் இரண்டாவது இலக்கம் 2 அல்லது 6 ஆக இருந்தால் அது தொழிற்சாலை இலக்கம் அல்ல, கைபேசி தானே புனைந்தது என்று கொள்ளலாம்.

அன்ட்ரொயிட் 10 இலிருந்தும் ஐஓஎஸ் 14 இலிருந்தும் கைபேசி ஒவ்வொரு வைபைப் பெயருக்கும் ஒரு புனை மக் வைத்துக்கொள்கிறது. பெயர் ஒன்றாக இருந்தால் பொதுவாக மக்கும் மாறாது. இங்கே மூன்று அக்செஸ் பொயின்றுக்கும் மூன்று பெயர்: கீழ்மாடி, மேல்மாடி, மண்டபம். பிள்ளை கீழே தண்ணீர் குடித்துவிட்டு மேலே ஏறினால் கைபேசி வேறு வைபைப் பெயருக்கு மாறும், மக் மாறும், சேர்வருக்கு அது புதிய ஆள். மூன்று பெயரும் ஒரே நெற்வேர்க்கில் இருப்பதால் மூன்று லீஸும் ஒரே பூலிலிருந்துதான் போகும்.

ஆகவே லீஸைத் தொடுவதற்கு முன்பே செய்த வேலை, மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு வகை. சனல் மட்டும் 1, 6, 11 என்று பிரித்து வைத்தது. வீட்டு றவுட்டரையே அக்செஸ் பொயின்றாகப் பாவிப்பவர்கள் கவனிக்கவேண்டியது: அதன் டிஎச்சிபியை நிறுத்தி, கேபிளை லான் துளையில் செருகவேண்டும். இந்த வேலையின் இடையில் மண்டபத்துக் கருவியின் கேபிள் மைக்ரோடிக்குக்கு வராமல் நேரே இணைய நிறுவனத்தின் பைபர் பெட்டியில் மாறிச் செருகுப்பட்டது. மண்டபத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் 192.168.1 இல் தொடங்கும் முகவரி வந்ததைக் கண்டுதான் அது பிடிபட்டது.

எவ்வளவு வைப்பது

மேல் எல்லையை ஆட்களின் வரத்துப் போக்கு தீர்மானிக்கும். காலை 6.30 முதல் 9.00, பிறகு 9.30 முதல் 12.00, மத்தியானம் 1.30 முதல் 4.00. முதல் இரண்டு வகுப்புக்கும் இடைவெளி அரை மணித்தியாலம். 1 மணித்தியால லீஸில் முதல் வகுப்பின் முகவரிகள் ஒன்பதரையிலிருந்து பத்து மணிக்குள் விடுபடும். அதாவது இரண்டாவது வகுப்பு வந்து உட்காரும்போது முந்திய வகுப்பின் முகவரிகள் ஏறக்குறைய முழுதாக இன்னும் பூட்டில்தான். பூல் இரண்டு வகுப்பையும் ஒரே நேரத்தில் தாங்கவேண்டும்: 110, 95, 20, கூட்டினால் 225. 245 க்குள் நிற்கும். 2 மணித்தியாலம் வைத்தாலும் மத்தியான வகுப்புக்குள் தீர்ந்துவிடும், ஆனால் சிறப்பு வகுப்பு ஒன்று இடையில் வந்தால் தாங்காது.

கீழ் எல்லை சேர்வர் எவ்வளவு நேரம் இல்லாமல் போகலாம் என்பதில் இருக்கிறது. பாதி நேரத்துக்குச் சற்று முன்னர் சேர்வர் நின்றால் கருவியிடம் மிச்சம் இருப்பது பாதி லீஸ்தான். 10 நிமிட லீஸ் என்றால் 5 நிமிடத்தில் முகவரி போகும். றவுட்டர் அப்டேட் ஏற்றி எழும்புவதற்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். ஆனால் கரண்ட் நின்று யூபிஎஸ் பற்றரி இறங்கி, ஜெனரேற்றர் போட ஆள் தேடுகிற இடத்தில் அரை மணித்தியாலம் சும்மா போய்விடும். முழுக் கட்டடமும் இருண்டால் அக்செஸ் பொயின்றும் நிற்கும், அப்போது லீஸ் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. றவுட்டர் மட்டும் நின்று சுவிட்ச்சும் அலுவலகமும் உயிரோடு இருக்கும்போதுதான் சிக்கல்: முகவரி காலாவதியானால் பக்கத்து மேசைப் பிரிண்டருக்குக் கூட அச்சுப் போகாது.

சேர்வருக்குச் சுமை கூடும் என்ற பயம் தேவையில்லை. 100 கைபேசி, 1 மணித்தியால லீஸ், அரை மணித்தியாலத்துக்கு ஒரு புதுப்பிப்பு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிறு பக்கெற். மணித்தியாலத்துக்கு 400 பக்கெற். ஹெக்ஸ் போன்ற சின்ன றவுட்டருக்கும் இது ஒரு வேலையே இல்லை.

முடிவு: மாணவர் வைபைக்கு 1 மணித்தியாலம், அலுவலகத்துக்கு 1 நாள். ஆட்கள் வந்து போகிற பக்கமும் கருவிகள் நிலையாக நிற்கிற பக்கமும் ஒரே லீஸில் ஓடுவது எப்போதும் யாரோ ஒருவருக்கு இடைஞ்சல்தான்.

செய்த ஒழுங்கு

வேலை தொடங்கியது திங்கள். கிழமை முக்கியம். புதிய லீஸ் நேரத்தைப் போட்டு அப்ளை அமர்த்தியதும் எல்லாம் மாறிவிடும் என்று நினைக்கக்கூடாது. ஏற்கெனவே 3 நாள் வாக்கு வாங்கிய கருவி தன் பாதி நேரம் வரை, அதாவது 36 மணித்தியாலம் வரை, மாற்றத்தை அறியாது. போய்விட்ட கருவிகளின் லீஸ் முழு 3 நாளும் கிடந்துதான் அழியும். திங்கள் மாற்றினால் வியாழனுக்குள் பட்டியல் சுத்தமாகும், சனிக்கிழமைக்குத் தயார். வெள்ளி இரவு மாற்றியிருந்தால் அந்தச் சனியும் பழைய கதைதான். விண்டோஸ் சேர்வரின் வழக்கமான 8 நாள் லீஸ் ஓடுகிற இடமென்றால் குறைந்தது 8 நாள் முன்கூட்டியே தொடங்கவேண்டும்.

பொறுக்க நேரமில்லாதவர்கள் பட்டியலிலிருந்து பழைய லீஸ்களைக் கையால் அழிப்பார்கள். அழிக்கலாம், ஆனால் "லாஸ்ற் சீன்" நிரலைத் தவறாக வாசிக்கக்கூடாது. அது கடைசியாக டிஎச்சிபி கதைத்த நேரம். கருவி கடைசியாக இணையம் பாவித்த நேரம் அல்ல. 3 நாள் லீஸில் இப்போதும் வேலை செய்துகொண்டிருக்கிற கணினி கூட 30 மணித்தியாலம் என்று காட்டும். 36 மணித்தியாலத்தைத் தாண்டியதை மட்டும், ஐபி ஆர்ப் பட்டியலிலும் (றவுட்டர் அண்மையில் கண்ட கருவிகள்) இல்லையென்று பார்த்துவிட்டு அழிக்கவேண்டும். சேர்வரில் அழித்தது கருவிக்குத் தெரியாது. அது பழைய முகவரியோடு ஓடிக்கொண்டிருக்க, அதே முகவரி இன்னொருவருக்குப் போனால் இரண்டு பேருக்கும் விட்டு விட்டு நெற் வரும். சேர்வரின் மோதல் சோதனையை (முகவரியைக் கொடுக்குமுன் அது பாவனையில் இருக்கிறதா என்று பார்ப்பதை) அணைக்காமல் விடுவது இதற்காகத்தான்.

லீஸ் நேரத்தைப் பதியும்போது அலகில் பலர் சறுக்குகிறார்கள். மைக்ரோடிக்கில் 1 மணித்தியாலம் என்பது 01:00:00. வெறும் 60 என்று அடித்தால் அது 60 செக்கன். பிறகு எல்லாக் கைபேசியும் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து தட்டும், லொக் நிறைந்து வழியும். ரீபி-லிங்க் வீட்டு றவுட்டரில் அதே பெட்டி நிமிடக் கணக்கு, அங்கே 60 சரி. பிஎஃப்சென்ஸ், கியா போன்ற மென்பொருள்களில் செக்கன், 3600 என்று போடவேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்ரி என்ற றவுட்டர் மென்பொருளில் எண்ணுக்குப் பின்னால் மணித்தியால எழுத்தைச் சேர்க்கவேண்டும். எழுத்தில்லாத எண்ணைச் செக்கனாகவே எடுக்கும், 2 நிமிடத்துக்குக் குறைவாக ஏற்காது. சிஸ்கோவில் நாள், மணி, நிமிடம் என்ற வரிசை. ஒரு கருவியில் பழகிய கை இன்னொன்றில் அதே எண்ணை அடித்துவிடும்.

அந்தச் சனி முழுதும் பட்டியலை எண்ணியதில் உச்சம் 9.45 க்கு 209. எதிர்பார்த்த 225 ஐ விடக் குறைவு, ஏனென்றால் சிலர் இரண்டு வகுப்புக்கும் இருப்பவர்கள். 10.10 க்கு 117. மத்தியான வகுப்பில் ஒரு முறைப்பாடும் இல்லை. ஆனாலும் 36 முகவரிதான் இடைவெளி. பெற்றோர் கூட்டம் ஒன்று வைத்தால் முடிந்தது.

ஆகவே அடுத்த கிழமை மாணவர் வைபையை விலான் 20 க்கு (அதே கேபிளில் தனியாகப் பிரித்த நெற்வேர்க்) மாற்றி 10.20.0.0/23, அதாவது முன்னையதைப் போல் இரண்டு மடங்கு அகலமான தொகுதி, கொடுத்தது. றவுட்டர் 10.20.0.1. பூலை இரண்டு துண்டாக எழுதியது: 10.20.0.50 முதல் 10.20.0.254, 10.20.1.1 முதல் 10.20.1.254. மொத்தம் 459. நடுவில் 10.20.0.255, 10.20.1.0 இரண்டும் /23 இல் சட்டப்படி நல்ல முகவரிகளே, ஆனால் பழைய கருவிகள் சில அவற்றைக் கண்டால் முரண்டு பிடிக்கும். இரண்டு முகவரியை மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

இருந்த 192.168.88 ஐயே /23 ஆக விரித்திருக்கலாமே என்று கேட்கலாம். விரித்தால் மூன்று இடத்தில் மாற்றவேண்டும்: றவுட்டர் முகவரி, பூல், டிஎச்சிபி சேர்வரில் உள்ள நெற்வேர்க்ஸ் ரப். மூன்றாவதை மறப்பது வழக்கம். மறந்தால் மறுபாதியில் முகவரி வாங்குகிறவருக்குக் கேற்வேயும் (வெளியே போகும் வழி) டிஎன்எஸ்ஸும் (தளப் பெயரை முகவரியாக்குவது) போகாது. அதோடு கையால் 255.255.255.0 என்று மாஸ்க் (நெற்வேர்க்கின் அகலம்) எழுதி வைத்த போட்டோக்கொப்பி மெசினும் சிசிரிவி ரெக்கோடரும் மறுபாதியைக் காணாது. புதிய விலான் இந்தத் தொல்லை இல்லாதது. மாணவர் கைபேசி அலுவலகக் கணினியைத் தொடாமல் ஃபயர்வோலில் மறிக்கவும் வசதி.

விலான் மாறிய கணத்தில் கைபேசிகள் பழைய 192.168.88 முகவரியையே மீண்டும் கேட்கும். புதிய சேர்வரில் ஓதோரிற்றேற்றிவ் என்பது யெஸ் ஆக இருந்தால் உடனே மறுப்பு அனுப்பி, கைபேசி புதிதாகக் கேட்கும். நோ ஆக இருந்தால் சேர்வர் பேசாமல் இருக்கும், கைபேசி காத்துக் கிடக்கும். மாற்றியதும் அக்செஸ் பொயின்ற் மூன்றையும் ஒரு தடவை மீளத் தொடக்கியது.

அலுவலகப் பக்கம் 1 நாள் லீஸ். போட்டோக்கொப்பி மெசின், ரெக்கோடர், கைரேகை மெசின் மூன்றிலும் கையால் எழுதியிருந்த முகவரியை எடுத்துத் தானியங்கிக்கு மாற்றி, லீஸ் பட்டியலில் வைத்தே மேக் ஸ்டற்றிக் (நிலையாக்கு) அமர்த்தி, பூலுக்கு வெளியே 88.2 முதல் 88.9 வரை இலக்கம் கொடுத்தது. ஊழியர் கைபேசிக்கு நிலையான இலக்கம் வேண்டுமென்றால் அந்தக் கைபேசியில் புனை மக்கை அந்த வைபைக்கு மட்டும் நிறுத்தவேண்டும்.

லீஸ்களை டிஸ்க்கில் எழுதும் இடைவெளியை இருந்தபடி 5 நிமிடத்திலேயே விட்டது. ஒருபோதும் எழுதாதே என்று வைத்தால் கரண்ட் போய் வந்ததும் சேர்வர் எல்லாவற்றையும் மறந்திருக்கும். உடனுக்குடன் என்று வைத்தால் ஃபிளாஷ் நினைவகம் தேயும். இணையத்தில் நேரம் பார்த்துச் சரிசெய்கிற என்ரிபியும் போட்டு நேர வலயம் ஆசியா, கொழும்பு. இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் லொக் 1970 ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும், எது எப்போது நடந்ததென்று வாசிக்கவே முடியாது.

சரிபார்ப்பு

விண்டோஸ் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து ஐபிகொன்ஃபிக் முழு விபரத்தைக் கேட்டால் லீஸ் வாங்கிய நேரமும் முடியும் நேரமும் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 1 மணித்தியாலம் இருக்கவேண்டும். பழைய 3 நாள் காட்டினால் றிலீஸ் செய்து றினியூ செய்யலாம். ஐபோனில் வைபை விபரத்துக்குள் றினியூ லீஸ் என்ற பொத்தான் உண்டு. அன்ட்ரொயிட்டில் வைபையை மறக்கச் செய்து திரும்பச் சேர்ப்பது சுருக்கம். வின்பொக்ஸ் லீஸ் பட்டியலில் எக்ஸ்பயர்ஸ் ஆஃப்டர் நிரல் 30 நிமிடத்துக்கும் 60 நிமிடத்துக்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தால் கருவி அங்கேதான் இருக்கிறது. 30 க்குக் கீழே இறங்கி இறங்கிப் போனால் ஆள் வீட்டுக்குப் போய்விட்டார்.

எல்லாம் முடிந்த பிறகும் லொக்கில் ஒரு வகை வரி மிச்சம் இருந்தது: முகவரி கொடுக்க முன்வந்தும் பலனில்லை என்ற செய்தி, மேல்மாடி மூலை வகுப்பறையின் இரண்டு மூன்று கைபேசிகளுக்கு மட்டும். பூலில் 250 க்கு மேல் காலியாக இருந்ததால் இது தட்டுப்பாடு அல்ல. சேர்வர் சொன்னது கைபேசிக்குக் கேட்கவில்லை, அல்லது கைபேசியின் பதில் திரும்பி வரவில்லை. மேல்மாடி அக்செஸ் பொயின்ற் இரும்பு அலுமாரிக்குப் பின்னால் பொருத்தியிருந்தது. இரண்டு மீற்றர் கேபிள் நீட்டி வாசல் பக்கச் சுவரில் ஏற்றியதும் அந்த வரிகளும் நின்றன.